மஞ்சள் அட்டையில் ஒரு வாக்கியம்

“இனிமே மறியலுக்கெல்லாம் யாரு வருவா தோழர்? சங்கமே நீர்த்துப்போச்சு.”

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. நீங்கள் போனில் பேசியதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்து சீட்டு, காதில் விழுந்துவிட்டது. பொதுவாக நான் பஸ்ஸில் யாரிடமும் பேச்சுக் கொடுக்கிறவள் இல்லை. ‘கொஞ்சம் ஜன்னலைச் சாத்துங்கள்’ என்று சொல்ல வாயெடுப்பதற்குள் திருமங்கலம் வந்துவிடும் எனக்கு. ஆனால் நீங்கள் ‘நீர்த்துப்போச்சு’ என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டீர்கள். அதற்கு நான் பொருள் எழுதியிருக்கிறேன்.

இல்லை அக்கா, டீச்சர் இல்லை. அகராதி.

மதுரையில் ஓர் அலுவலகம். உங்களுக்குத் தெரிந்திருக்காது. கீழே ஜெராக்ஸ் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டாவது மாடியில் நாங்கள். பல் வலிக்காரர்கள் சிலர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி கூடுதலாக ஏறி எங்களிடம் வந்துவிடுவார்கள். இன்றைக்குப் பேசுகிற தமிழுக்கு ஓர் அகராதி செய்கிற இடம் அது. மொத்தமே மூன்று பேர். பர்வதம் மேடம் பதிப்பாசிரியர். சேவியர் அண்ணன் கணினியில் பதிகிறவர். நான் கேட்கிறவள்.

ஆமாம், கேட்பதுதான் வேலை. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு நான்கு இடத்தில் இன்டர்வியூவில் பேச வராமல் திரும்பி வந்தவள் நான். மேடம் ஒரே கேள்விதான் கேட்டார். “வர்ற வழியில பஸ்ல யாராச்சும் என்ன பேசுனாங்க?” நான் கால் மணி நேரம் சொன்னேன். யார் யாரிடம் கோபித்துக்கொண்டார்கள், கண்டக்டர் யாரைத் திட்டினார், எல்லாம். “நாளைக்கே வந்துடு” என்றார்.

மஞ்சள் அட்டை என்று ஒன்று உண்டு எங்களிடம். புத்தகத்தில், பேப்பரில் படித்த வாக்கியத்துக்கு வெள்ளை அட்டை. காதால் கேட்டதற்கு மஞ்சள். மேலே சொல். அடுத்து வாக்கியம், கேட்டபடியே, ஓர் எழுத்து மாற்றாமல். அதன் கீழே இடமும் தேதியும். கடைசியில் சொன்னவர்: ஆணா பெண்ணா, வயது, தொழில். பெயர் எழுதக் கூடாது. மூலையில் கேட்டவர் எண். என் எண் நான்கு. எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்து போயிருக்கிறார்கள். சேவியர் அண்ணன் என்னை எண் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டார். “ஏ காது, வந்துட்டியா?” என்பார். சந்தனமாரி என்ற பெயரைவிட அதுவே பரவாயில்லை என்று இருக்கும் சில நாள்.

முதல் வாரம் ஒரு தப்பு செய்தேன். ‘மலைத்துப்போ’ என்ற சொல்லுக்கு எங்கேயும் ஒரு வாக்கியம் காதில் விழவில்லை. நானே எழுதிவிட்டேன்: ‘அவன் மலைத்துப்போய் நின்றான்.’ மேடம் ஒவ்வொரு அட்டையையும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பார். அதையும் படித்தார்.

“யாரு அவன்?”

“தெரியாது மேடம்.”

“எங்க நின்னான்?”

“தெரியாது மேடம்.”

“அப்ப அவன் நிக்கலை” என்று அட்டையை இரண்டாகக் கிழித்துப் போட்டார். அந்தச் சொல்லுக்குரிய இடம் அதன் பிறகு எட்டு மாதம் காலியாகக் கிடந்தது. மாட்டுத்தாவணியில் ஒரு லாரி டிரைவர் டீசல் விலையைப் பற்றிச் சொல்லித்தான் அது நிரம்பியது. அன்று மேடம் எங்கள் இருவருக்கும் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார்.

அப்படிப்பட்ட ஆள் அக்கா. கல்லூரி வேலையை விட்டுவிட்டு இருபது வருடமாக இதைச் செய்கிறார். யாராவது ஒருவர் வாழ்க்கையில் ஒருமுறையாவது வாயால் சொல்லியிருக்க வேண்டும், அப்போதுதான் அது வாக்கியம் என்பார். நாமாக உட்கார்ந்து எழுதினால் அது பொம்மை என்பார்.

ஐப்பசியில் அறக்கட்டளையிலிருந்து ஆள் வந்தார். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது ஓர் அறக்கட்டளை. வந்தவர் சின்ன வயசுதான், மரியாதையாகத்தான் பேசினார். எல்லாவற்றுக்கும் ‘கரெக்ட் மேடம்’ என்றார். இன்னும் மூவாயிரத்து நானூறு சொல்லுக்கு வாக்கியம் இல்லை. கரெக்ட் மேடம். கேட்டுத்தான் எழுத முடியும், நாளாகும். கரெக்ட் மேடம். கடைசியில், பங்குனிக்குள் முடியாவிட்டால் அகராதியே வராது என்றார். வாக்கியம் எழுதித் தருகிற ஒரு மென்பொருளைச் சேவியர் அண்ணன் கணினியில் ஏற்றிவிட்டுப் போனார்.

மேடம் என்ன சொல்லப்போகிறார் என்று நானும் சேவியர் அண்ணனும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் காலையில் வந்து, “நாளுக்கு நாப்பது வாக்கியம்” என்றார். அவ்வளவுதான்.

அதில் இன்னொரு சிக்கல் இருந்தது. எங்கள் பதிவில் இடம், தேதி, சொன்னவர் மூன்றும் நிரப்பாவிட்டால் வாக்கியம் சேவ் ஆகாது. மேடமே ஒரு காலத்தில் கட்டாயப்படுத்தி அப்படிச் செய்யச் சொன்னாராம். சேவியர் அண்ணன் போய்க் கேட்டார்.

“மேடம், மெஷின் சொன்னதுன்னு போடவா?”

“அப்படிப் போட்டா யாரு நம்புவா?”

“அப்ப ஆளு, ஊருக்கு எங்க போறது?”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “போடுங்க. ஏதாவது போடுங்க.”

முதல் நாள் எனக்குக் கை வரவே இல்லை அக்கா. ‘திகட்டு’ என்ற சொல்லுக்கு மென்பொருள், ‘அதிக இனிப்பு உண்டதால் அவனுக்குத் திகட்டியது’ என்று தந்தது. இடம் எங்கே? கல்யாண வீடு என்று போட்டேன். யார்? பந்தி பரிமாறுகிறவர், ஐம்பது வயது. ஆனால் பந்தி பரிமாறுகிறவர் இப்படிப் பேச மாட்டாரே என்று இடித்தது. அதனால் வாக்கியத்தை மாற்றினேன். “மூணாவது ஜாங்கிரி திகட்டும்னு தெரிஞ்சுதான் வைக்கிறேன், பேசாமச் சாப்பிடுங்க.” அது பொருந்தியது. அடுத்தது. அடுத்தது. மாலைக்குள் நாற்பது பேர். மறுநாள் நாற்பது பேர்.

பிடித்துச் செய்யவில்லை. மேடம் சொன்னார், செய்தேன். நான் என்ன செய்ய முடியும்? சில நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கக்கூட மறந்துபோகும், அவ்வளவு வேலை. மாட்டுத்தாவணியில் பூ விற்கிற ஓர் அம்மா, நாற்பது வயது, பல சொல்லுக்கு உதவினார். மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லை அவருக்கு. அதெல்லாம் அட்டையில் எழுதத் தேவையில்லைதான். ஆனால் தெரிந்தால்தானே பேச்சு சரியாக வரும்?

சேவியர் அண்ணன் பதிந்துகொண்டே சிரிப்பார். “காது, நீ இப்ப எழுதுறதெல்லாம் நெசமாச் சொன்னது மாதிரி இருக்கு. போன வருசம் நெசமாக் கேட்டதெல்லாம் பொய் மாதிரி இருக்கு.”

மேடம் அட்டைகளை வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டார். தட்டில் போட்டால் மாலையில் எடுத்துக்கொண்டு போவார், காலையில் சிவப்பு டிக்கோடு திரும்பி வரும். படிப்பதே இல்லை என்றுதான் நினைத்தேன்.

தை மாதம் அறக்கட்டளை ஒரு படிவம் அனுப்பியது. மென்பொருள்தான் வந்துவிட்டதே, இனி மூன்று பேர் தேவையில்லை, நிறுத்த வேண்டிய ஒருவர் பெயரை எழுதி மாதக் கடைசிக்குள் அனுப்பவும். மேடம் அதை மறைக்கவில்லை. தன் மேசையில் ஸ்டேப்ளருக்கு அடியில் வைத்திருந்தார். நானும் சேவியர் அண்ணனும் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் அது தெரியும். பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும்.

சேவியர் அண்ணனுக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வருடமாக அதே நாற்காலி. “இந்த வயசுல வெளிய போனா என்னைய யாரு சேப்பா? அகராதியில டைப் அடிச்சேன்னு சொன்னா, அது என்ன வியாதின்னு கேப்பான்” என்று சிரிக்காமல் சொன்னார். எனக்கு இருபத்துநான்கு. நியாயமாகப் பார்த்தால் நான்தான், ‘மேடம், நான் போயிடுறேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன் அக்கா. சத்தியமாக நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் மேடத்துக்குத் தலைவலி. அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை.

இந்தச் சமயத்தில்தான் ‘நீர்த்துப்போ’ வந்தது.

மோர், மாவு, மருந்து தண்ணீராகிப்போவது என்ற முதல் பொருளுக்கு அட்டை நிறைய இருந்தது. இரண்டாவது பொருளை நான் எழுதினேன்: ‘கொள்கை, உறுதி முதலியவை இருந்த வேகம் இழந்து பெயரளவில் நிற்றல்.’ மேடம் ஒரு சொல்கூட மாற்றவில்லை. அதற்கு வெள்ளை அட்டைதான் இருந்தது. தலையங்கம், மேடைப் பேச்சு, அப்படி. மஞ்சள் ஒன்றும் இல்லை. இருந்த வெள்ளை அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. யாரும் ‘நான் நீர்த்துப்போய்விட்டேன்’ என்று சொல்வதே இல்லை. அந்தக் கட்சி, அவர், அவர்கள், உங்கள் சங்கம். எப்போதும் அடுத்தவரைப் பற்றித்தான். அதையும் ஒரு குறிப்பாக எழுதினேன்: ‘பெரும்பாலும் பிறரைக் குறித்து.’ எனக்கே பெருமையாக இருந்தது.

இதற்கு ஆள் உண்டாக்க மனசு வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

நான்காவது நாள் சாயங்காலம் கிளம்பிப் படியில் இறங்குகிறேன். பல் டாக்டர் வாசலில், செருப்பு விடுகிற இடத்தில், சேவியர் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டுக்காரம்மாவோடு போனில் பேசுகிறார்.

“மேடத்துக்கிட்டயா? என்னத்தச் சொல்ல? அவங்க நீர்த்துப்போயி ரெண்டு மாசமாச்சு. நாமதான் இன்னும் மொத டிகாக்‌ஷன்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது அக்கா. எத்தனை அழகான வாக்கியம்! அப்படியே திரும்பி மாடி ஏறினேன். மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். மஞ்சள் அட்டை எடுத்தேன். ஓர் எழுத்து மாற்றவில்லை. இடம்: மாடிப்படி. தேதி. சொன்னவர்: ஆண், 46, கணினிப் பதிவாளர். கேட்டவர் எண் 4. மூன்று மாதத்தில் கேட்டு எழுதிய ஒரே அட்டை அதுதான் என்று அப்போது நினைத்தேன். தட்டில் போட்டுவிட்டு ரொம்ப சந்தோஷமாக ஹாஸ்டலுக்குப் போனேன்.

சிரிக்கிறீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். பெயர் எழுதக் கூடாது என்பது விதி, நான் எழுதவில்லை. இரண்டு வருடப் பழக்கம், கை தானாகத் தட்டுக்குப் போகிறது. ஹாஸ்டலில் தட்டேந்தி வரிசையில் நிற்கும்போதுதான், முன்னால் நின்ற பெண் ‘இந்த ரசம் எந்த ஊரு ரசம்’ என்று கேட்டபோதுதான், எனக்கு உறைத்தது. மதுரையில் எத்தனை கணினிப் பதிவாளர் இருந்தாலும் எங்கள் மாடிப்படியில் ஒருவர்தான்.

காலையில் ஏழரைக்கே போனேன். பூட்டியிருந்தது. மேடம் வந்து திறந்தார். தட்டு காலி.

அட்டைகள் டிக்கோடு திரும்பி வந்தன. அந்த ஒன்று மட்டும் வரவில்லை. நான்கு நாள் அக்கா. மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சேவியர் அண்ணன் வழக்கம்போல, “என்ன காது, இன்னைக்கு எத்தன பேரப் பெத்த?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. “ஏய், சும்மா கேட்டேன்டா” என்று தன் டப்பாவிலிருந்து சீடை எடுத்துக் கொடுத்தார். அவரிடம் சொல்லியிருக்கலாம். ‘அண்ணே, இப்படி எழுதிட்டேன்’ என்று ஒரு வார்த்தை. சீடையைத் தின்றுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

ஸ்டேப்ளருக்கு அடியில் அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருந்தது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள். ஒவ்வொரு தடவை கையெழுத்துப் போடும்போதும் அதில் ‘சேவியர்’ என்று எழுதியிருக்குமோ என்று பார்ப்பேன்.

கடைசி நாள் மத்தியானம் மேடம் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் அந்த அட்டை இருந்தது. மூன்று மாத வழக்கத்தை விட்டு, மெதுவாக, முழுசாக வாய்விட்டுப் படித்தார். டிகாக்‌ஷன் வரைக்கும். சேவியர் அண்ணன் முகம் என்னவோபோல் ஆனது.

“மாரி, இது கேட்டதா, உண்டாக்குனதா?”

யோசித்துப் பாருங்கள் அக்கா. ‘உண்டாக்குனது மேடம்’ என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஆயிரக்கணக்கில் உண்டாக்கியிருக்கிறேன், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அண்ணன் தப்பித்திருப்பார். கூடிப்போனால் எனக்குத் திட்டு விழும். ஆனால் வாய் வரவில்லை. எனக்குப் பொய் சொல்ல வராது, அதுதான் காரணம். சின்ன வயதிலிருந்தே வராது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பல் டாக்டரின் மெஷின் சத்தம் கீழிருந்து வந்துகொண்டிருந்தது.

“நான்தான் மேடம் சொன்னேன்” என்றார் சேவியர் அண்ணன். “வீட்டுல பேசிக்கிட்டிருந்தேன். புள்ளைய எதுக்குக் கேக்குறீங்க?”

“தெரியும். நீங்க பேசுற மாதிரியே இருக்கு.”

“சும்மா ஒரு பேச்சுக்கு…”

“ஒரு பேச்சுக்குத்தான சேவியர் இருபது வருசமா உக்காந்திருக்கோம்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கீழே குனிந்து அடி டிராயரிலிருந்து ஒரு கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மஞ்சள் அட்டைகள். எல்லாம் எண் நான்கு. ஐப்பசிக்கு அப்புறம் நான் எழுதியவற்றில் ஒரு நூறு இருக்கும். ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள். எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

“இதுல கேட்டது நடுநடுவுல இருக்கு. எனக்குத் தெரியுது, இருக்கு. உனக்குத்தான் தெரியும் எது எதுன்னு. பிரிச்சுக் குடு. கேட்டது மட்டும் அச்சுக்குப் போகட்டும். மத்தது காலியாவே இருந்துட்டுப் போகட்டும். அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

எனக்கு மூச்சு வந்தது. இது என் வேலை, இதை நான் செய்வேன் என்று நினைத்தேன். உட்கார்ந்தேன். முதல் அட்டை, ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிய பெரியவர். கேட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் பூக்காரம்மாவுக்கு மருமகளோடு சண்டை என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அந்த அம்மாவை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! கூடையின் பிய்ந்த ஓரம்கூடத் தெரியும். இரண்டாவது அட்டை. மூன்றாவது. ஒன்றை வலது பக்கம் வைத்தேன். பிறகு இடது பக்கம் வைத்தேன். பிறகு நடுவில்.

மேடம் அவசரப்படுத்தவில்லை. சேவியர் அண்ணன் நின்றபடியே இருந்தார். ஒருமுறை, “அந்த ரயில்வே கேட்டு ஆளு நெசம்தான, நீ அன்னைக்கு வந்து சொன்னியே?” என்று எடுத்துக்கொடுத்தார். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அன்றைக்கு எழுதிவிட்டு வந்து சொன்னேனா, கேட்டுவிட்டு வந்து சொன்னேனா? அவரைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். நூறு அட்டையும் நடுவில்தான் கிடந்தது.

“பரவாயில்லை, விடு” என்றார் மேடம்.

அந்த ஓர் அட்டையை எடுத்து, சிவப்பு டிக் போட்டு, சேவியர் அண்ணனிடம் நீட்டினார். “இதைப் பதிஞ்சிருங்க. ஓர் எழுத்து மாத்த வேண்டாம்.”

“மேடம், இது…”

“பதிங்க.”

அண்ணன் வாங்கிக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனார். நான் சிதறிக் கிடந்த அட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன். அண்ணன் பிழைத்துக்கொண்டார், இனி மேடம் அறக்கட்டளையோடு பேசிக்கொள்வார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை அக்கா. நீங்களே சொல்லுங்கள், நான் இருக்கிற இடமே யாருக்கும் தெரியாதே. கேட்டதை எழுதினேன், எழுதச் சொன்னதை எழுதினேன். அதைத் தவிர இரண்டு வருடத்தில் நான் என்ன செய்தேன்?

மேடம் ஸ்டேப்ளரை நகர்த்திவைத்துவிட்டு அந்தப் படிவத்தை எடுத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

“மாரி, உங்க அப்பா பேரு என்ன?”

“வெள்ளைப்பாண்டி மேடம்.”

முதலெழுத்தைப் போட்டு, புள்ளி வைத்து, பக்கத்தில் என் பெயரை எழுதினார்.